ரேடியோ ஒலி இடையிடையே அற்றுப்போவதேன்?

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

நம் தாய்மொழியில் வாக்கியத்தின் உயிர் அதன் கடைசிச் சொல்லில் இருக்கிறது. “நாளையும் மறுநாளும் பயிருக்கு மருந்து தெளிக்க வேண்டும்” என்று வானொலியில் அறிவிப்பதற்கும், “தெளிக்க வேண்டாம்” என்று அறிவிப்பதற்கும் வேற்றுமை ஓர் எழுத்தளவே. அந்த எழுத்து காதில் விழவேண்டிய கணத்தில் ஒலி மங்கிப்போனால், கேட்டவர் பாதி பேர் மருந்து தெளிப்பார்கள். பாதி பேர் தெளிக்கமாட்டார்கள். மழை வந்து மருந்தை அடித்துக்கொண்டு போன பிறகு, “வானொலியில் அப்படித்தான் சொன்னார்கள்” என்று இரு சாராரும் சாதிப்பார்கள். ஆதலால் ஒலி இடையிடையே அற்றுப்போவதைச் சிறு தொந்தரவு என்று தள்ளிவிடலாகாது.

இவ்வாறு நேர்ந்தால் ஜனங்கள் முதலில் செய்வது பெட்டியைத் தட்டுவது. அடுத்தது நிலையத்தாரைக் குறைகூறுவது. மூன்றாவது, புதிய பெட்டி வாங்கவேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவருவது. இம்மூன்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. குறை எங்கே இருக்கிறது என்று காதாலும் கடிகாரத்தாலும் கண்டறிவதே அது. குறை நிற்கக்கூடிய இடங்கள் நான்கே: நிலையம், ஆகாயம், ஊர், பெட்டி. இவற்றுள் எது என்று அறிய விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை, கவனம் போதும். அதற்கு வழிகாட்டுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. திருச்சி நிலையமும் நம் கிராமங்களும்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி தொடங்கப்பெற்றது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னர், 1938 ஜூன் 16-இல், சென்னை நிலையம் தொடங்கியிருந்தது. திருச்சியின் முதல் ஒலிபரப்பிக்கு 5 கிலோவாட் சக்தி, அலைநீளம் 395.8 மீட்டர், அதாவது விநாடிக்கு 758 ஆயிரம் அதிர்வுகள். பிற்காலத்தில் ஒலிபரப்பியின் சக்தி 100 கிலோவாட்டாக உயர்ந்தது. மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ் என்ற இடமே நெடுங்காலமாகத் திருச்சிக்குரியதாயிற்று. பின்னர் 102.1 மெகாஹெர்ட்ஸில் பண்பலை ஒலிபரப்பும் வந்து சேர்ந்தது.

இந்நிலையத்தால் குடியானவர் அடைந்த நன்மைக்கு ஒரு சான்று கூறுவோம். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றித் தஞ்சை ஜில்லா விவசாயிகள் பெரும்பாலும் திருச்சி வானொலியின் வாயிலாகவே அறிந்தார்கள். ஆகவே அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. விதையளவு, நாற்றின் வயது, உரமிடும் நாள் ஆகியவற்றையெல்லாம் காதால் கேட்டுக் கையால் செய்தார்கள். அவ்வாறு செய்வதற்கு ஒவ்வொரு எண்ணும் தெளிவாகக் காதில் விழவேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

2. ஒலி அறுவது மூவகை

பெட்டியின் ஒலி நின்றவுடன் அதைத் தட்டாமல், சற்றே காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒலி நின்ற இடத்தில் என்ன கேட்கிறது என்பதே குறையின் முதல் அடையாளம்.

முதல் வகை, முற்றும் செத்த மௌனம். பேச்சும் இல்லை, இரைச்சலும் இல்லை. முள்ளை நிலையத்திலிருந்து சிறிது நகர்த்தினாலும் சீறல் ஒலி எழவில்லை. இது பெட்டியின் குறை. மின்கலமோ, கம்பி இணைப்போ, ஒலிபெருக்கியோ கெட்டிருக்கும்.

இரண்டாம் வகை, தணிந்த மௌனம். பேச்சு நின்றது, ஆனால் இரைச்சலும் எழவில்லை. முள்ளை நகர்த்தினால் சீறல் எழுகிறது. மீண்டும் நிலையத்துக்குக் கொண்டுவந்தால் அடங்கிவிடுகிறது. நிலையத்தின் அலை உங்கள் வீடுவரை ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அவ்வலையின்மேல் ஏற்றவேண்டிய பேச்சு மட்டும் வரவில்லை என்பது இதன் பொருள். வண்டி வந்துவிட்டது, மூட்டைதான் ஏறவில்லை. இது நிலையத்தின் பக்கத்துக் குறை. உங்கள் பெட்டியில் ஒன்றும் செய்யவேண்டியதில்லை.

மூன்றாம் வகை, இரைச்சல் பொங்குதல். பேச்சு மங்க மங்கச் சீறலும் கரகரப்பும் மேலெழுகின்றன. சில வேளைகளில் வேறொரு நிலையத்தின் குரலும் உள்ளே புகுகிறது. இப்பொழுது அலையே மெலிந்துவிட்டது. பெட்டிக்குள் அலையின் பலத்துக்கு ஏற்றபடி ஒலியைத் தானே சமன் செய்யும் அமைப்பு ஒன்று உண்டு. அலை மெலிந்தவுடன் அது கையை அகல விரித்து, கிடைத்ததையெல்லாம் வாரிக் கொணர்கிறது. அதனாலேயே இரைச்சல் பெருகுகிறது. இவ்வகைக்குக் காரணம், நிலையத்து ஒலிபரப்பி நின்றுபோயிருக்கலாம். அல்லது அலை ஆகாயத்தில் மெலிந்திருக்கலாம். அல்லது ஊரிலுள்ள ஏதோ ஒன்று அதை அமுக்கியிருக்கலாம். சட்டென்று ஒரே வெட்டாக அற்றால் ஒலிபரப்பி என்றும், சிறிது சிறிதாக மங்கிச் சிறிது சிறிதாக எழுந்தால் ஆகாயம் என்றும் பெரும்பாலும் கொள்ளலாம்.

3. நிலையத்தில் நேரும் குறைகள்

நிலையத்தில் பேசுவோர் இருக்கும் கூடமும், அலையை வெளியே அனுப்பும் கோபுரமும் பொதுவாக ஒரே இடத்தில் இருப்பதில்லை. கூடத்திலிருந்து கோபுரம்வரை பேச்சைக் கொண்டுசெல்லும் இணைப்பு ஒரு கணம் தவறினால் மேற்கூறிய தணிந்த மௌனம் உண்டாகும். மின்சாரம் தடைப்பட்டு ஒலிபரப்பி நின்றால் இரைச்சல் பொங்கும்.

வெளியூர் நிலையங்களின் செய்திகளை வாங்கி அஞ்சல் செய்யும்போது மற்றொரு குறையும் நேரக்கூடும். பழைய நாட்களில் டில்லியின் செய்திகளைச் சிற்றலையில் பிடித்துத் தம் மத்திய அலையில் மறுபடி அனுப்புவது பிராந்திய நிலையங்களின் வழக்கம். அப்பொழுது டில்லிக்கும் இங்கும் இடையே ஆகாயத்தில் நேர்ந்த மங்கலையும் சேர்த்தே நம் ஜனங்கள் கேட்டார்கள். பின்னர் செயற்கைக்கோள்கள் வந்தன. அவற்றின் வழியே வரும் நிகழ்ச்சிகளுக்கு வருஷத்தில் இருமுறை, மார்ச் மாதத்திலும், செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் தொடக்கத்திலும், ஒரு சிறு தடை உண்டு. அந்நாட்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே வந்து நிற்கிறது. சூரியனே பெரிய ரேடியோ இரைச்சலை உமிழும் பொருளாதலால், சில நிமிஷங்கள் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அதில் மூழ்கிப்போகிறது. சில நாட்கள் பகலில், ஏறக்குறைய ஒரே வேளையில், அஞ்சல் நிகழ்ச்சி மட்டும் அற்று, உள்ளூர் நிகழ்ச்சி நன்றாகக் கேட்டால் இதை நினைவிற்கொள்க.

4. ஆகாயத்தில் நேரும் மங்கல்

இப்பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. காவேரிப் படுகையின் கிழக்குக் கோடியிலுள்ள கிராமங்களில், பகலெல்லாம் தெளிவாகக் கேட்ட திருச்சி நிலையம் இரவில் ஏறியிறங்குவது ஏன்?

மத்திய அலை இரண்டு வழிகளில் செல்கிறது. ஒன்று தரையை ஒட்டிப் போகும் தரையலை. நன்செய் ஈரமும் கடற்கரை உப்பும் அதற்கு நல்ல பாதை. வறண்ட கல்லாங்காட்டில் அது விரைவில் களைத்துவிடும். மற்றொன்று மேலே எழும் வானலை. பூமிக்கு மேல் சுமார் 60 கிலோமீட்டர் முதல் பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய வெளிச்சத்தால் காற்றணுக்கள் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் உள்ளன. அவற்றுக்கு அயனி மண்டலம் என்று பெயர். பகலில் அம்மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. ஆகவே பகலில் நமக்குத் தரையலை மட்டுமே கிடைக்கும். சூரியன் அஸ்தமித்ததும் அக்கீழடுக்கு கரைந்துபோகிறது. அப்பொழுது வானலை மேலடுக்கில் பட்டுத் திரும்பி, நெடுந்தூரம் சென்று தரையில் இறங்குகிறது.

நிலையத்துக்கு அருகிலுள்ள ஸ்ரீரங்கத்திலும் லால்குடியிலும் தரையலையின் பலம் மிகுதி. வானலை அதன் எதிரே நிற்காது. ஆனால் திருச்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டரிலுள்ள கும்பகோணத்துக்கு அப்பால், சுமார் 110 கிலோமீட்டரில் மயிலாடுதுறை, சுமார் 125 கிலோமீட்டரில் நாகப்பட்டினம் என்று செல்லச் செல்ல, தரையலை மெலிகிறது. இரவில் வானலை வலுக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமபலம் பெறும் வட்டாரத்திலேதான் சண்டை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமத்துக்குத் தரையலை வரும் வழி 100 கிலோமீட்டர். அடுக்கின் உயரம் 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வானலை ஏறி இறங்கும் வழி சுமார் 224 கிலோமீட்டர். இரு அலைகளும் மேடும் மேடுமாகச் சேர்ந்தால் ஒலி வலுக்கும். மேடும் பள்ளமுமாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டு ஆட்கள் ஒரே ஏற்றத்தை ஒரே தாளத்தில் மிதித்தால் தண்ணீர் வரும். தாளம் மாறி எதிரும் புதிருமாக மிதித்தால் ஏற்றம் நின்றுவிடும் அல்லவா? வலுத்த நிலையிலிருந்து அழிந்த நிலைக்கு மாற, வானலையின் வழி அரை அலைநீளம், அதாவது 160 மீட்டர் கூடினால் போதும். அதற்கு அந்த அடுக்கு சுமார் 90 மீட்டர் உயர்ந்தால் போதும். நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள அடுக்கு, ஒரு பனைமரத்தைப் போல் சில மடங்கு மட்டும் அசைந்தாலே உங்கள் திண்ணையில் செய்தி மங்கிவிடுகிறது. அவ்வடுக்கோ இரவெல்லாம் அசைந்துகொண்டேயிருக்கிறது.

இவ்வித மங்கலில் சில சமயம் ஒலி குறைவதோடு நில்லாமல், குரலே சிதைந்து, தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகும். பேச்சைச் சுமக்கும் நடு அலை மட்டும் அழிந்து, பக்கத்து அலைகள் மிஞ்சுவதால் உண்டாகும் விகாரம் அது. பெட்டியின் ஒலிபெருக்கி கிழிந்துவிட்டதென்று எண்ணி அதைக் கழற்றவேண்டாம். சற்றுப் பொறுத்தால் குரல் தானே சீராகும்.

இந்த மங்கலைக் குறையென்று மட்டும் கருதாமல் ஆராய்ந்ததனாலேதான் அயனி மண்டலமே உலகுக்கு நிரூபணமாயிற்று. 1902-இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் இத்தகைய அடுக்கு ஒன்று இருக்கவேண்டும் என்று ஊகித்தார்கள். 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் என்பவரும் அவருடைய துணைவர் பார்னெட்டும், போர்ன்மத் நகரத்து வானொலி நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஆக்ஸ்போர்டில் ஒலி எத்தனை முறை ஏறியிறங்குகிறது என்று எண்ணி, அடுக்கின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் தேசத்தில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா இத்துறையில் முன்னோடியாவார்.

நம் ஜில்லாவுக்கும் இதில் பங்குண்டு. 1957–58-ஆம் வருஷத்துச் சர்வதேச புவிபௌதிக ஆண்டில் அயனி மண்டலத்தைத் தரையிலிருந்து அளந்த இந்திய நிலையங்களுள் சென்னை, கொடைக்கானல் ஆகியவற்றோடு திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் வழியே செல்வதால், இங்குள்ள வானம் விஞ்ஞானிகளுக்கு விசேஷமானது. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதற்கும் அவ்விடம் அக்கோட்டுக்கு அருகில் இருந்ததே காரணம். அஸ்தமனத்துக்குப் பின் சில மணி நேரம் இப்பகுதியின் மேலடுக்கு கொந்தளித்துக் கலைவதுண்டு; அப்பொழுது சிற்றலை நிலையங்களின் குரல் கோழி சிறகடிப்பதுபோல் படபடக்கும். சூரியனில் திடீர்ப் பெருஞ்சுடர் எழும்போது, பகலில் சிற்றலை முழுவதும் சில நிமிஷங்கள் முதல் ஒரு மணி நேரம்வரை அடங்கிவிடுவதும் உண்டு.

வைகறையிலும் இதே நிலைமைதான். மார்கழி மாதம் வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறப்பதைத் திருச்சி வானொலி நேர்முக வர்ணனையாக ஒலிபரப்பி வந்திருக்கிறது. நேரில் செல்ல இயலாத முதியோர் தூரத்துக் கிராமங்களில் விடியுமுன் எழுந்து காத்திருப்பார்கள். சூரியன் உதிக்கும்வரை வானலை இறங்கிக்கொண்டேயிருக்குமாதலால், மத்திய அலையில் அவ்வேளையில் மங்கல் நேர்வது இயல்பே. பொழுது நன்கு புலர்ந்த பிறகு அதே பெட்டியில் அதே நிலையம் தெளிவாகக் கேட்டால், பெட்டி குற்றமற்றது என்று அறிக.

5. பண்பலையின் குணம்

பண்பலையின் அலைநீளம் மிகச் சிறியது, 102.1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3 மீட்டர் மட்டுமே. அது கண்பார்வைபோல் பெரும்பாலும் நேராகச் செல்கிறது. குன்று, கட்டிடம், மேட்டுநிலம் ஆகியவை மறைத்தால் மெலிகிறது. அவற்றில் பட்டுத் திரும்பியும் வருகிறது. நேரே வந்த அலையும் திரும்பி வந்த அலையும் சேருமிடத்தில், முன்சொன்ன ஏற்றத்தின் கதையே நிகழ்கிறது. திருச்சியின் மலைக்கோட்டைப் பாறை சுமார் 83 மீட்டர் உயரமுள்ளது. அதன் நிழலிலும், உயர்ந்த கட்டிடங்களுக்கு இடையிலுள்ள தெருக்களிலும், செல்லும் பேருந்தில் பண்பலை ‘டக், டக்’ என்று விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான்.

இங்கே பரிகாரம் எளிது. வலுத்த இடத்துக்கும் அழிந்த இடத்துக்கும் இடைவெளி ஒன்றரை முழமே இருக்கக்கூடும். பெட்டியை மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்தினாலே ஒலி திரும்பிவிடும். ஆனால் மத்திய அலைக்கு இந்த உபாயம் செல்லாது. அதன் நீளம் 320 மீட்டராதலால், மேஜையைவிட்டு ஊரையே கடக்கவேண்டியிருக்கும்.

6. ஊரில் உண்டாகும் கேடு

மின்சாரப் பொறிகள் நம் கிராமங்களில் பெருகியிருப்பது நல்லதே. ஆயினும் அவற்றுட் சில மத்திய அலைக்குப் பகை. பம்புசெட்டின் ஸ்டார்ட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, கைபேசிக்கு மின்னேற்றும் கருவி, இன்வெர்ட்டர், மின்வேலி, கம்பத்தில் தளர்ந்த இணைப்பு, விரிசல் கண்ட பீங்கான் ஆகிய ஒவ்வொன்றும் இரைச்சலை உமிழக்கூடும். நிலையத்தின் குரல் உண்மையில் அறுவதில்லை, இரைச்சலில் புதைந்துபோகிறது.

இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. மின்சாரம் நின்ற வேளையில் மின்கலத்தில் இயங்கும் பெட்டியைப் போட்டுக் கேளுங்கள். குரல் பளிச்சென்று கேட்டால் கேடு ஊருக்குள் இருக்கிறது. மின்சாரம் வந்த பின், வீட்டு விளக்குகளையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்; எதை நிறுத்தியதும் இரைச்சல் அடங்குகிறதோ அதுவே பகைவன். வீட்டில் எதுவும் அகப்படாமல், கம்பத்தருகே பெட்டியைக் கொண்டுசெல்லும்போது இரைச்சல் மிகுந்தால், எந்தக் கம்பம் என்று குறித்துக்கொண்டு மின்வாரியத்தாரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். கம்பத்தைத் தட்டுவதோ, அதில் ஏறுவதோ, கம்பியைத் தொடுவதோ உயிருக்கு அபாயம்.

கோடை மழைக்காலத்தில் மின்னலால் உண்டாகும் படபடவென்ற வெடிப்பொலிக்குப் பரிகாரமில்லை, பொறுத்திருப்பதே வழி.

7. பெட்டியிலும் ஏரியலிலும் உள்ள குறைகள்

மற்ற மூன்றும் அல்லவென்று தெளிந்த பிறகே பெட்டியைத் திறக்கவேண்டும்.

மின்கலம் தளர்ந்தால், ஒலியைக் கூட்டும்போதும் பாட்டு உச்சத்துக்குப் போகும்போதும் குரல் அறும். சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி பேசும். மின்கலம் அமரும் வில்களில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்புப் படிந்தால், பெட்டியை அசைக்கும்போதெல்லாம் ஒலி போய் வரும். உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஒலியைக் கூட்டும் திருகில் தூசி சேர்ந்தால் திருகும்போது கரகரக்கும். உள்ளே ஈயப்பற்று விட்டிருந்தால், பெட்டியின் ஒரு குறிப்பிட்ட மூலையைத் தொடும்போது மட்டும் ஒலி அறும். அது பழுதுபார்ப்பவரின் வேலை. எந்த மூலை என்று சொல்லிக் கொடுத்தால் அவருடைய நேரமும் உங்கள் கூலியும் மிச்சப்படும்.

சிறு பெட்டிகளில் மத்திய அலைக்குரிய ஏரியல் உள்ளேயே, கரிய கோல் வடிவில், பெட்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. வெளியே நீட்டும் தந்திக்கோல் பண்பலைக்கும் சிற்றலைக்குமே பயன்படும். உட்கோலின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி மிகவும் குறையும். பக்கம் நோக்கினால் மிகும். ஆகவே பெட்டியின் முகப்பாவது முதுகாவது திருச்சியை நோக்கும்படி வைக்கவேண்டும். வேறொரு நிலையம் இரவில் குறுக்கிட்டால், அது அடங்கும் திசைக்குப் பெட்டியைச் சிறிது திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

வெளியே கம்பி ஏரியல் கட்டியிருப்போர், காற்று வீசும்போதெல்லாம் ஒலி அறுகிறதா என்று கவனிக்கவேண்டும். அறுந்தால் முடிச்சில் களிம்பு ஏறியிருக்கும், அல்லது கம்பி மரக்கிளையில் உரசும். மின்கம்பிகளுக்கு அருகிலோ மேலோ ஏரியல் கட்டலாகாது. இடி மின்னல் வருமுன் ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடவேண்டும்.

8. சங்கம் செய்யவேண்டியது

கையில் கைபேசி இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்துக்கு அருகே கரையேறிய புயலால் திருச்சி நகரமே வெள்ளத்தில் மூழ்கியதை முதியோர் அறிவார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் பல கிராமங்களில் மின்சாரம் பல நாட்கள் இல்லை. கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. அத்தகைய நாளில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் ஊருக்குள் வருவதற்கு, இரண்டு மின்கலங்களும் ஒரு சிறு பெட்டியும் போதும். ஆனால் அந்தக் குரலில் எது நம்பத்தக்கது, எது பாதியில் அறுந்தது என்று பிரித்தறியும் பழக்கம் அன்றைக்கு உடனே வந்துவிடாது, முன்னதாகவே பழகியிருக்கவேண்டும். ஆகவே கீழ்க்கண்டவற்றைச் சங்கங்கள் கைக்கொள்ளலாம்.

(அ) மின்கலத்தில் இயங்கும் பெட்டி ஒன்றைச் சங்கக் கட்டிடத்தில் வைத்து, அதற்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கவேண்டும். உபரி மின்கலங்களைப் பெட்டிக்குள் போடாமல், உலர்ந்த டப்பாவில் தனியே வைக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துவிடவேண்டும்.

(ஆ) ஒரு குறிப்பேடு வைத்து, ஒலி அற்ற தேதி, மணி, நிலையம், மூவகையில் எவ்வகை, அடுத்த வீட்டுப் பெட்டியிலும் அற்றதா, மின்சாரம் இருந்ததா என்னும் ஆறு விவரங்களை எழுதிவரவேண்டும். ஒரு மாதம் எழுதினால் குறை எங்கே என்று ஏடே சொல்லிவிடும். நிலையத்துக்கு எழுதும்போதும் “சரியாகக் கேட்பதில்லை” என்று பொதுவாக எழுதாமல், இவ்விவரங்களோடு எழுதினால் பொறியாளர்களுக்குப் பிரயோஜனமாகும்.

(இ) திருச்சி மங்கும்போது திருப்பிக்கொள்ள, காரைக்கால், கொடைக்கானல் போன்ற வேறு நிலையங்களில் எது தங்கள் ஊரில் கேட்கும் என்று முன்னரே பார்த்து, முள் நிற்கவேண்டிய இடத்தைப் பெட்டியின்மேல் காகிதத்தில் குறித்து ஒட்டிவைக்கவேண்டும்.

(ஈ) வெள்ளம், புயல், பூச்சிமருந்து, அணைநீர் ஆகியவை பற்றிய அறிவிப்பை இருவர் தனித்தனியே எழுதிக்கொள்ளவேண்டும். இருவர் எழுதியதும் கடைசிச் சொல் வரை ஒத்திருந்தால் ஊருக்குச் சொல்லலாம். ஒத்திராவிட்டால் அடுத்த அறிவிப்புவரை பொறுத்து மறுபடி கேட்கவேண்டும். பாதி கேட்ட செய்தியைத் தம் ஊகத்தால் நிரப்பிச் சொல்வது, பெட்டியே இல்லாதிருப்பதைவிடக் கெடுதலானது. நள்ளிரவில் தண்ணீர் வரும் ஊரில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னவருக்கு, விடிந்தபின் அதைத் திருத்திக்கொள்ள அவகாசம் இராது.

மாதக்கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. பேச்சு நின்றது, இரைச்சல் எழவில்லை, முள்ளை நகர்த்தினால் சீறல் கேட்கிறது. குறை எங்கே?
2. பகலில் தெளிவாகவும் இரவில் ஏறியிறங்கியும் கேட்கும் நிலையம், உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? மங்கலுக்குக் காரணம் யாது?
3. உங்கள் தெருவில் மின்சாரம் நின்றபோது ஒலி தெளிவடைந்தது. அடுத்து என்ன செய்வீர்கள்? எதைச் செய்யமாட்டீர்கள்?
4. சங்கப் பெட்டியின் முகப்பு இப்பொழுது எந்தத் திசையை நோக்கியிருக்கிறது? திருச்சி உங்களுக்கு எந்தத் திசை?
5. “ஆற்றங்கரையில் உள்ளவர்கள் இன்றிரவே மேட்டுக்குச் செல்ல” என்பதோடு ஒலி அற்றது. பொறுப்பாளர் செய்யவேண்டியது யாது?

ஐந்தாவது வினாவுக்கு மட்டும் இங்கே ஒரு குறிப்புத் தருகிறோம். அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கும் வேளையிலேயே ஒருவரை ஆற்றுநீர் மட்டத்தைப் பார்த்துவர அனுப்புங்கள். மாடுகளை அவிழ்த்து வையுங்கள். முதியோரையும் குழந்தைகளையும் எழுப்பிவிடுங்கள். செய்தி “வேண்டும்” என்று முடிந்தால் நேரம் மிச்சம். “வேண்டாம்” என்று முடிந்தால் ஓர் இரவின் தூக்கம் மட்டுமே நஷ்டம்.